சன்னல் வைத்த சில்லு

மனிதருக்கு ஞாபக சக்தி இருப்பதைப் போலவே இயந்திரங்களுக்கும் ஞாபக சக்தி உண்டு என்றால் நம்புவீர்களா? துணியில் பூ வேலை செய்யும் எம்பிராய்டரி இயந்திரம், எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்த இடத்தில் நூல் மாற வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? அதன் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவுள்ள ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. செய்ய வேண்டியவை எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அச்சில்லு மறந்துவிட்டால், இரும்பும் மோட்டாரும் நன்றாக இருந்தாலும் இயந்திரம் அசையாது.

நமது கோவை மாவட்டம் இயந்திரங்களின் மாவட்டம். 1888-இல் இங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பின் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. 1980-களிலும் 1990-களிலும் சில்லு பொருத்திய இயந்திரங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் ஏராளமாக வந்திறங்கின. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் சில்லுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. ஞாபகம் மங்கத் தொடங்கும் வயது அது. சில்லு மறந்த ஒரே காரணத்தால் நல்ல இயந்திரம் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனால், அதன் முன் உட்கார்ந்து கூலி வாங்கிய பெண்ணின் வேலையும் அதனோடு போகிறது. ஆகவே இந்தச் சில்லுகளின் நினைவைக் காப்பது எப்படி, அதற்குப் பழைய கருவியும் பழைய மடிக்கணிப்பொறியும் எவ்வாறு உதவுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அட்டையிலிருந்து சில்லு வரை

இயந்திரத்துக்கு ஞாபகம் கொடுக்கும் எண்ணம் புதிதன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜாக்கார்டு என்பவர் 1804-இல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் நூல் உயரும். துளை இல்லாவிட்டால் உயராது. இப்படி ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகளால் மயிலும் மாங்காயும் துணியில் மலர்ந்தன. நம் சிறுமுகைப் பக்கம் பட்டு நெய்வோர் வீடுகளுக்குச் சென்றால் ஜாக்கார்டுப் பெட்டியையும், மாலை போல் கோத்துத் தொங்கும் அட்டைகளையும் காணலாம்.

நம் போத்தனூரிலேயே இன்னொரு சான்று உண்டு. இங்கே தென்னக இரயில்வேயின் சமிக்ஞை, தொலைத்தொடர்புப் பட்டறை இருக்கிறது. இரயில் சமிக்ஞைகளில் ‘ரிலே’ என்னும் மின்காந்தச் சாவி பயன்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அது ஒரு நிலையில் நிற்கும்; நின்றால் மறு நிலைக்குத் திரும்பும். இதுவும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற அதே மொழிதான். மின்சாரம் நின்றவுடன் ரிலே பாதுகாப்பான நிலைக்குத் திரும்புவது சமிக்ஞைக்கு நல்லது. ஆனால் இயந்திரத்தின் ஞாபகம் மின்சாரம் நின்றவுடன் அழிந்தால் ஒவ்வொரு காலையும் அதற்கு முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியிருக்கும். எனவே மின்சாரம் இல்லாதபோதும் மறவாத சில்லு தேவைப்பட்டது. அதுவே ‘ஈப்ராம்’ எனப்படும் நினைவுச் சில்லு.

சன்னல் எதற்கு?

ஈப்ராம் சில்லின் முதுகில் வட்டமான சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் வழியே நோக்கினால் உள்ளே மினுமினுக்கும் சிலிக்கான் துண்டு தெரியும். சன்னல் ஏன் வைத்தார்கள்?

சில்லுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் நம் பாட்டிமார் தானியம் கொட்டி வைத்த குதிராக எண்ணிக்கொள்ளுங்கள். அறையின் நாற்புறமும் மின்சாரம் புகாத சுவர் எழுப்பியுள்ளனர். சாதாரண 5 வோல்ட் மின்சாரத்தால் அச்சுவரைத் தாண்ட முடியாது. அதிக மின் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து சிறைப்படும். எலெக்ட்ரான் நிறைந்த அறை ‘0’. வெற்று அறை ‘1’. மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே விழுந்தவை வெளியேற வழியில்லை. இப்படித்தான் சில்லு ஆண்டுக் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறது.

எழுதியதை அழிக்க வேண்டுமானால்? சன்னல் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்ச வேண்டும். 254 நானோமீட்டர் அலை நீளமுள்ள அக்கதிர், சிறைப்பட்ட எலெக்ட்ரான்களுக்குச் சுவரைத் தாண்டும் வலிமை தருகிறது. விளக்கிலிருந்து ஓர் அங்குல தூரத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் எல்லா அறைகளும் காலியாகிச் சில்லு புதிது போலாகும். நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும், அறையிலுள்ள டியூப் லைட் ஒளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் ஆனால் சில்லு தானே அழிந்துவிடக்கூடும். அதனால்தான் சன்னலின் மேல் ஒளி புகாத காகிதத்தை ஒட்டுகிறார்கள். பழைய இயந்திரத்தைத் துடைக்கும்போது, ‘இது என்ன அழுக்குக் காகிதம்!’ என்று அதைக் கிழித்தெறிந்து விடாதீர்கள்.

குதிரின் சுவரில் நாளடைவில் எலி வளை தோண்டுவது போல, இச்சில்லின் சுவரிலும் காலப்போக்கில் எலெக்ட்ரான்கள் சிறிது சிறிதாகக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். ஆலையின் சூட்டில் நாற்பது ஆண்டு கிடந்த சில்லு இன்னும் நினைவோடு இருப்பதே வியப்பு. கசிந்து முடிவதற்குள் அதன் நினைவைப் படித்து வேறிடத்தில் காப்பாற்றிவிட வேண்டும்.

கண்டுபிடித்தவர் கதை

ஈப்ராமைக் கண்டுபிடித்தவர் டோவ் ஃப்ரோமன். அவருடைய வாழ்க்கை நாம் அறிய வேண்டிய ஒன்று. அவர் 1939-இல் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளின் கொடுமை முற்றியபோது, 1942-இல் பெற்றோர் தம் பச்சிளம் பாலகனைப் பிறர் கையில் ஒப்படைத்தனர். ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்தார் அவனைத் தம் வீட்டில் மறைத்து வளர்த்தனர். பிடிபட்டால் தங்கள் உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்தே அவர்கள் அவ்வாறு செய்தனர். பெற்றோர் இருவரும் நாஜிகளின் படுகொலையில் மாண்டனர். போர் முடிந்த பின் அநாதை இல்லங்களில் இருந்த சிறுவன், 1949-இல் இஸ்ரேல் சென்று, பின்னர் அமெரிக்காவில் உயர் கல்வி கற்றான்.

அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த ஃப்ரோமனுக்கு, பழுதான நினைவுச் சில்லுகளில் என்ன கோளாறு என்று ஆராயும் வேலை தரப்பட்டது. பழுதை ஆராய்ந்தபோதே, எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி ஞாபகமாக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1971-இல் முதல் ஈப்ராம் வெளிவந்தது. 1702 என்ற எண்ணுடைய அச்சில்லு 256 எழுத்துகளை மட்டுமே நினைவில் கொள்ளும். இக்கண்டுபிடிப்புக்குப் பின் அவர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குச் சென்று, குமாசி நகரப் பல்கலைக் கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு விவசாயியின் இல்லத்தில் காப்பாற்றப்பட்ட ஒரு குழந்தையால் உலகம் பெற்ற நன்மை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்! இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியில் படங்களைச் சேமிக்கும் நினைவகமும் இதே கருத்தின் வழித்தோன்றலே.

எழுதும் கருவி

சில்லில் எழுதவும் படிக்கவும் உதவும் கருவிக்கு ‘ஈப்ராம் புரோகிராமர்’ என்று பெயர். சாப்பாட்டு டப்பா அளவுள்ள பெட்டி. மேலே சில்லைச் செருகும் சாக்கெட். அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சிறு நெம்புகோல். அது தானாக ஒன்றும் செய்யாது. கணிப்பொறி கட்டளையிட வேண்டும்.

சில்லுக்குச் சில்லு எழுதும் மின் அழுத்தம் வேறுபடும். 1977-இல் வந்த 2716 என்னும் சில்லுக்கு 25 வோல்ட் வேண்டும். பின்னர் வந்தவற்றுள் சிலவற்றுக்கு 21 வோல்ட். அதற்கும் பின்னர் வந்த பலவற்றுக்கு 12.5 வோல்ட் போதும். 12.5 வோல்ட் கேட்கும் சில்லுக்கு 25 வோல்ட் கொடுத்தால் அது அக்கணமே மடியும். இன்று கடையில் விற்கும் சிறு கருவிகள் பலவற்றால் 25 வோல்ட் கொடுக்க இயலாது. இதனாலேயே பழைய புரோகிராமருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

புதிய கணிப்பொறி ஏன் உதவாது?

வேகமான புதிய கணிப்பொறி இருக்கும்போது பழைய மடிக்கணிப்பொறி எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இணைக்கும் வாய். பழைய புரோகிராமர்களுள் பல, ‘பிரிண்டர் போர்ட்’ எனப்படும் 25 துளையுள்ள வாயில் இணைவன. அதில் செய்தி சொல்ல 8 கம்பிகள், கட்டளையிட 4 கம்பிகள், பதில் கேட்க 5 கம்பிகள் உள்ளன. பொம்மலாட்டக்காரர் ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியே இழுப்பது போல, கணிப்பொறி ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே ஏற்றி இறக்க வேண்டும். புதிய கணிப்பொறியின் யு.எஸ்.பி. வாயில் மாற்றுக் கம்பி ஒன்றைச் செருகினால் பிரிண்டர் வேலை செய்யும். புரோகிராமர் வேலை செய்யாது. அம்மாற்றுக் கம்பி தபால்காரரைப் போன்றது. கடிதத்தைக் கொண்டு சேர்க்கும். கயிற்றை இழுக்கத் தெரியாது.

இரண்டாவது, வாயிற்காவல். பழைய டாஸ் முறையில் எந்தப் புரோகிராமும் போர்ட்டை நேரே தொடலாம். விண்டோஸ் என்.டி., எக்ஸ்.பி. போன்றவை வந்த பின், கன்னியர் மடத்து வாயிலில் சகோதரியிடம் சொல்லாமல் உள்ளே போக முடியாதது போல, நேரே போர்ட்டைத் தொட அனுமதி கிடையாது. இது பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுமதி கேட்கத் தெரியாத பழைய புரோகிராம் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது, வேகம். 2716 சில்லில் ஒவ்வோர் எழுத்தையும் எழுத 50 மில்லி செக்கண்டு அழுத்தம் கொடுக்க வேண்டும். 2,048 எழுத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 102 செக்கண்டு. பழைய புரோகிராம்கள் சில, இந்த நேரத்தை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வீணே எண்ணிக் கழிக்கும். வேகமான கணிப்பொறி அதே எண்ணிக்கையைக் கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும். அழுத்தம் போதாமல் சில்லு அரைகுறையாக எழுதப்படும். இன்னும் சில புரோகிராம்கள் 200 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட கணிப்பொறியில் தொடங்கும்போதே ‘பிழை 200’ என்று சொல்லி நின்றுவிடும். மெதுவாகச் செய்ய வேண்டியதை மெதுவாகத்தான் செய்ய வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம். ஆகவே 386, 486 அல்லது தொடக்க காலப் பென்டியம் உள்ள மடிக்கணிப்பொறியே ஏற்றது.

செய்முறை

முதற்படி: மடிக்கணிப்பொறியின் நலம் அறிதல். முப்பது வருடம் கிடந்ததை உடனே மின்சாரத்தில் இணைக்கலாகாது. உள்ளே தேதியையும் அமைப்பையும் நினைவில் வைக்கும் ஒரு சிறு பாட்டரி இருக்கும். சில வகைப் பாட்டரிகள் ஒழுகிச் செம்புத் தடங்களை அரித்திருக்கும். திறந்து பார்த்து, ஒழுகியிருந்தால் நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பெரிய பாட்டரி செத்திருந்தால் கவலையில்லை. அதைக் கழற்றிவிட்டு அடாப்டரில் ஓட்டலாம்.

இரண்டாம் படி: அமைப்பைச் சரி செய்தல். சிறு பாட்டரி இறந்ததால் கணிப்பொறி தன் அமைப்பை மறந்திருக்கும். அமைப்புப் பக்கத்துக்குச் சென்று பிரிண்டர் போர்ட் இயங்குகிறதா, அதன் விலாசம் 378 என்று உள்ளதா என்று பார்க்க வேண்டும். போர்ட் எந்த முறையில் இயங்க வேண்டும் என்பது புரோகிராமருடன் வந்த குறிப்பேட்டில் இருக்கும். குறிப்பேடு இல்லையேல் எளிய முறையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். இணைக்கும் கேபிள் குட்டையாக இருப்பது நல்லது. நீண்ட கேபிளில் செய்தி சிதையும்.

மூன்றாம் படி: புரோகிராமரின் மின் அழுத்தத்தை அளத்தல். சாக்கெட்டில் சில்லை வைக்காமலேயே மல்ட்டிமீட்டரால் 5 வோல்ட் சரியாக வருகிறதா, எழுதும் அழுத்தம் குறிப்பிட்டபடி வருகிறதா என்று அளக்க வேண்டும். பழைய மின்தேக்கிகள் கெட்டு அழுத்தம் ஏறி இறங்கினால், முதலில் அவற்றை மாற்ற வேண்டும். அளக்காமல் சில்லை வைப்பவர், ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குபவரைப் போன்றவர்.

நான்காம் படி: புரோகிராமைக் கணிப்பொறிக்குள் கொண்டு வருதல். பழைய ஃபிளாப்பி படிக்குமானால் முதல் வேலையாக அதற்குப் பிரதி எடுக்க வேண்டும். ஃபிளாப்பி கெட்டிருந்தால், வேறு கணிப்பொறியிலிருந்து சீரியல் கேபிள் வழியாகவும் கொண்டு வரலாம்.

ஐந்தாம் படி: வெற்றுச் சில்லால் சோதித்தல். நன்கு அழித்த சில்லைப் படித்தால் எல்லா இடத்திலும் ‘எஃப்.எஃப்.’ என்று வர வேண்டும். அதாவது எல்லாம் ‘1’. பின்பு அதில் எதையேனும் எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட வேண்டும். மூன்று முறை சரியாக வந்த பின்னரே மெய்யான சில்லைத் தொட வேண்டும்.

எழுதுமுன் படிக்க வேண்டும்

இனி முக்கியமான கட்டம். இயந்திரத்திலிருந்து சில்லைக் கழற்றும் முன், அதன் ஒரு முனையிலுள்ள பிறைக் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று தாளில் வரைந்துகொள்ள வேண்டும். சில்லைத் தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்தால் முப்பது வருட ஞாபகம் ஒரு நொடியில் போகும். பூமியுடன் இணைந்த உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலை மின்சாரத்தை நீக்கிய பின்பே சில்லைத் தொட வேண்டும்.

சில்லைச் செருகியதும் ‘படி’ என்னும் கட்டளையை மட்டுமே கொடுக்க வேண்டும். ‘எழுது’ என்னும் கட்டளையின் அருகில்கூட விரல் போகலாகாது. ஒரு முறை படித்தது போதாது. மூன்று முறை படித்து மூன்று கோப்புகளாகச் சேமித்து, அவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். டாஸ் முறையில் இதற்கென்றே ‘எஃப்.சி.’ என்னும் கட்டளை உண்டு. மூன்றும் ஒத்திருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால், சில அறைகளில் எலெக்ட்ரான்கள் கசிந்து, அவை ‘0’-வா ‘1’-ஆ என்று சில்லுக்கே ஐயம் வந்துவிட்டதாகப் பொருள். அப்போது 5 வோல்ட்டைச் சற்றே குறைத்துப் படித்தால் சில வேளைகளில் சரியான விடை கிடைக்கும். அதுவும் பலிக்காவிட்டால், அதே வகை இயந்திரம் வேறெங்கேனும் ஓடுகிறதா என்று விசாரித்து, அதன் சில்லைப் படித்து ஒப்பிடலாம்.

‘செக்சம்’ எனப்படும் கூட்டுத்தொகையும் துணை செய்யும். வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டின் அடியில் மொத்தம் எழுதி வைப்பது போல, சில்லிலுள்ள எல்லா எண்களையும் கூட்டி வரும் தொகை அது. பழைய சில்லுகள் சிலவற்றின் மேல் ஒட்டிய காகிதத்தில் தயாரித்தவர்களே இதை எழுதியிருப்பார்கள். நாம் படித்த கோப்பின் தொகை அதனோடு ஒத்துப் போனால் மனம் நிம்மதியடையலாம்.

இதன் பின் புதிய அல்லது நன்கு அழித்த சில்லில் எழுதி, சரிபார்த்து, காகிதம் ஒட்டி, அதில் இயந்திரத்தின் பெயர், தேதி, கூட்டுத்தொகை மூன்றையும் குறிக்க வேண்டும். பழைய சில்லை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும். கோப்பை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். புற ஊதா விளக்கை ஒருபோதும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணுக்குப் பெருந்தீங்கு விளையும். மூடிய பெட்டிக்குள்தான் அதை எரிய விட வேண்டும். இன்னொன்று, சில்லிலுள்ள புரோகிராம் அதைப் படைத்தவரின் உழைப்பு. நம் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பிரதி எடுத்து வைப்பது வேறு. பிறர் உழைப்பைப் பிரதி எடுத்து விற்றுப் பொருளீட்டுவது வேறு. பின்னதற்குக் களவு என்று பெயர்.

நாம் கற்பது

மாணவியரே! இவ்வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடமோ மிகுந்த பணமோ வேண்டியதில்லை. வேண்டியது மூன்று குணங்கள். அளந்த பின்பே தொடும் நிதானம். மூன்று முறை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை. செய்ததைத் தேதியிட்டு எழுதி வைக்கும் ஒழுங்கு. தையல் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் நீங்கள் அன்றாடம் பழகுபவையே இவை. இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். பெற்றோரும், மகளின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கண்டால் அதைப் பிடுங்காமல், அருகில் அமர்ந்து விளக்கைப் பிடியுங்கள்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த பின், மீதியான துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அற்புதத்தால் எவ்வளவும் படைக்க வல்லவரே மிச்சத்தை எறிய விடவில்லை. உங்கள் வீட்டிலோ, தந்தையின் பட்டறையிலோ பழைய இயந்திரம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது ஓடும்போதே அதன் சில்லைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நின்ற பின் தேடுவது மிகக் கடினம்.